சில்வர்டன் மவுண்டன்: எளிய வழி கிடையாது

மற்ற பனிச்சறுக்குத் தலங்களில் கடினமானது என்று கறுப்பு வைரக் குறி போட்ட சரிவின் விளிம்புவரை போய் மனம் மாறினால், ஓரமாக எளிதான பச்சைக் குறிப் பாதை ஒன்று நெளிந்து இறங்கும். யாரும் பார்க்காமல் நழுவிவிடலாம். பதினோரு வருடமாக நானும் அப்படி அவ்வப்போது நழுவியவள்தான். சில்வர்டன் மவுண்டனில் அந்தப் பச்சைப் பாதை இல்லை. இருப்பதில் சாதுவான சரிவே சுமார் 30 டிகிரி. கடுமையானவை 55 வரை போகின்றன.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துச் சான் வான் மலைகளில் இருக்கிறது இந்த இடம். சில்வர்டன் சுரங்கத்தால் பிறந்த ஊர். 1882இல் டுராங்கோவிலிருந்து ரயில் வந்ததே தாது ஏற்றத்தான். (குளிர்காலத்தில் அந்த ரயில் ஊர்வரை வராது, காரில் இரண்டு கணவாய்களைத் தாண்ட வேண்டும்.) கடைசிப் பெரிய சுரங்கமான சன்னிசைடு 1991இல் மூடப்பட்டது. பதினோரு ஆண்டு கழித்து, 2002இல், கலிஃபோர்னியாவின் மாமத் மலையிலிருந்து வந்த பழைய இருவர் நாற்காலி லிஃப்டோடு இந்தப் பனிச்சறுக்குத் தலம் திறந்தது. இன்றுவரை அந்த ஒரே லிஃப்டுதான். ஊரிலிருந்து சிமென்ட் கிரீக் ஓடையை ஒட்டி ஆறு மைல் போகும்போது, பனி மூடாத கற்களில் துருநிறம் தெரியும்.

அடிவாரத்தில் விடுதியும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. கூடாரம் ஒன்று, கழிப்பறை வெளியே. பருவத்தின் பெரும்பகுதி வழிகாட்டியோடுதான் போக முடியும். ஒரு குழுவில் எட்டுப் பேர்வரை. பனிச்சரிவில் புதைந்தவரைத் தேடும் பீக்கன், நீளக் கம்பி, மண்வாரி மூன்றும் இல்லாமல் லிஃப்டில் ஏற்ற மாட்டார்கள். வரும் வழியில் நான் வாடகைக்கு எடுத்த பீக்கனில் பேட்டரி பாதி காலி. காலைச் சோதனையில் வழிகாட்டிதான் கண்டுபிடித்து மாற்றிக் கொடுத்தார். கடையைச் சொல்லிப் பயனில்லை. பார்க்காமல் வாங்கியது நான்.

லிஃப்ட் 12,300 அடியில் இறக்கிவிடுகிறது. அதற்கு மேல் ஸ்கை பலகைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு முகட்டில் நடை. இருபது அடி வைத்தால் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான் மூச்சு. உச்சியில் ஒவ்வொருவராகத்தான் இறங்க வேண்டும். பனி பிடுங்கிக்கொண்டால் ஒருவர் மட்டும் சிக்க, மற்றவர்கள் தோண்ட இருக்க வேண்டும் என்பது கணக்கு. வழிகாட்டி முதலில் இறங்கி, பாறை ஒன்றின் ஓரத்தில் நின்று கோலை உயர்த்தினார். கடைசியாக என் முறை.

முதல் திருப்பத்தில் மலைப்பக்கக் கை பனியில் உரசியது. குனியவில்லை, மலை அவ்வளவு அருகில் இருந்தது. நான் கிளப்பிய தூள்பனி அரிசி கொட்டுவதுபோல் 'ஸ்ஸ்' என்று என்னை முந்திக்கொண்டு ஓடியது. அதை முன்னே போகவிட்டுத் திரும்ப வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் அவசரப்பட்டேன். ஒரு ஸ்கை கழன்று தூளுக்குள் மறைந்தது. கோலால் குத்திக் குத்தித் தேடினேன், கால் மணி நேரம். கீழே ஏழு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அவசரமே இல்லை" என்று வழிகாட்டி கத்தினார். அந்தக் குரலில் கேலி துளியும் இல்லாததற்கே தனியாக ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம்.

பள்ளத்தாக்கில் சாலையோரம் வந்து நின்றால் பழைய பஸ் ஒன்று அள்ளிக்கொண்டு அடிவாரத்தில் விடுகிறது. நாள் முழுக்க நான்கே இறக்கம். கட்டணத்தை இறக்கத்தின் எண்ணிக்கையால் வகுக்கிறவர்களுக்கு வயிறு எரியும். எனக்கு நான்காவதே அதிகம். ஊரில் நான் தங்கிய கிரீன் தெரு விடுதியின் மாடிப்படியை மறுநாள் பின்பக்கமாகத்தான் இறங்கினேன்.

கறுப்புச் சரிவில், எந்தப் பனியிலும், நிற்காமல் இறங்க முடிகிறவர் மட்டும் போகலாம். உயரம் உடலுக்குப் பழக, ஒரு நாள் முன்னதாகவே போய்விடுங்கள். ஊரே 9,318 அடியில் இருக்கிறது. திரும்பும் நாளை இறுக்கமாக வைக்காதீர்கள். பனிச்சரிவு அபாயம் என்றால் ஊருக்கு வரும் 550ஆம் நெடுஞ்சாலையை மூடிவிடுவார்கள். கூடுதலாக ஓர் இரவுக்கான துணியும் மருந்தும் பையில் இருக்கட்டும்.