எண்பது டாலர் அட்டையும் பாலைவனத்தில் ஒன்பது நாளும்

அப்பா திருநெல்வேலியில் முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். அதில் பாதி மாஞ்சோலை மலைக்குப் போகும் வண்டி. மணிமுத்தாறு வனத்துறை செக்போஸ்டில் நின்று நின்று பழகியதாலோ என்னவோ, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சயான் தேசியப் பூங்காவின் வாசலில் ரேஞ்சர் அம்மாள் என் கையில் ஒரு பிளாஸ்டிக் அட்டையைக் கொடுத்ததும் பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏம்மா, இது ஃபாரஸ்ட் பாஸா?" என்றார். கிட்டத்தட்ட அதேதான். 'அமெரிக்கா தி பியூட்டிஃபுல்' என்று பெயர். விலை 80 டாலர். ஒரு வருஷத்துக்கு எந்த தேசியப் பூங்காவுக்குப் போனாலும் நுழைவுக் கட்டணம் கிடையாது. வண்டிக்குத்தான் கணக்கு என்பதால் உள்ளே இருந்த நாங்கள் ஐந்து பேரும் இந்த ஒரே அட்டையில் அடக்கம்.

2024 அக்டோபரில் அப்பா அம்மா வந்திருந்தபோது சான் டியேகோவிலிருந்து எங்கள் வேனிலேயே கிளம்பினோம். சயான், பிரைஸ் கேன்யன், கேபிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ், திரும்பும் வழியில் மான்யுமென்ட் வேலி, பேஜ், கிராண்ட் கேன்யன். வீடு திரும்பியபோது ஏறக்குறைய 1,900 மைல் ஓடியிருந்தது. அந்த ஒன்பது நாளும் அட்டை எங்கே உழைத்தது, எங்கே கையை விரித்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் காசுக் கணக்கு. நாங்கள் போன சமயத்தில் ஒரு வண்டிக்கு ஏழு நாள் கட்டணம் சயானில் 35, பிரைஸில் 35, கேபிடல் ரீஃபில் 20, ஆர்ச்சஸிலும் கேன்யன்லேண்ட்ஸிலும் தலா 30, கிராண்ட் கேன்யனில் 35. மொத்தம் 185 டாலர். மூன்றாவது பூங்காவிலேயே அட்டையின் விலை வசூலாகிவிடுகிறது. இன்னொன்று, வாங்கிய மாதத்தின் கடைசி நாள் வரை அடுத்த வருஷமும் செல்லும். நான் வாங்கியது அக்டோபர் 5; அட்டையில் 2025 அக்டோபர் 31 வரை துளை போட்டுக் கொடுத்தார்கள். ஆக, மாதத் தொடக்கத்தில் வாங்கினால் கிட்டத்தட்ட பதின்மூன்று மாதம். பெரிய ரகசியமெல்லாம் இல்லை, ஆனால் முப்பதாம் தேதி போய் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது.

எங்கள் அட்டையில் கையெழுத்துப் போட இரண்டு இடம் இருந்தது. இரண்டு பேரும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. நான் ஒன்றில் போட்டேன், இன்னொன்றை எதிர்வீட்டுத் தோழிக்கு விட்டுவைத்தேன். ஆளுக்கு 40 டாலர். வாசலில் கையெழுத்துக்காரருடைய போட்டோ அடையாள அட்டையையும் கேட்பார்கள் என்பதால், சும்மா இரவல் வாங்கிக்கொண்டு போக முடியாது. தொலைத்தாலும் மாற்று அட்டை கிடையாது. என் கணவர் அதை வண்டிக் கண்ணாடியில் சொருகிவைக்க, அம்மா எடுத்துத் தன் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டாள். அதன்பிறகு ஒவ்வொரு வாசலிலும் வரிசை நகர நகர, "அம்மா, அட்டை!" என்று கத்த வேண்டியதாகிவிட்டது.

வயிற்றெரிச்சல் ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்க இலவச பாஸ் கொடுக்கிறார்கள். பிள்ளை காரில் இருந்தால் குடும்பத்துக்கே கட்டணம் இல்லை. எங்கள் பையன் அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்தான். போன வருஷமே இது தெரிந்திருந்தால்! அவனிடம் சொன்னதற்கு, "நான் வேணா ஃபெயிலாயிருக்கலாம்" என்றான்.

இனி அட்டை திறக்காத கதவுகள். சயானில் மார்ச் முதல் நவம்பர் வரை முக்கியப் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்த வண்டி விடுவதில்லை; இலவச ஷட்டில் பஸ்தான். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் ஓட்டுவதையே பார்த்துக்கொண்டு வந்தார். ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற, சங்கிலியைப் பிடித்து ஏறும் பாறைக்கு 2022 ஏப்ரல் முதல் தனி அனுமதி வேண்டும், அதுவும் குலுக்கலில். முந்தின நாள் கணவர் விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

ஆர்ச்சஸில்தான் நாங்கள் சறுக்கினோம். அந்த வருஷம் ஏப்ரல் முதல் அக்டோபர் முடிய காலை 7 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில் உள்ளே போக, நேரம் குறித்த முன்பதிவுச் சீட்டு வேண்டும். இரண்டு டாலர்தான். ஆனால் மூன்று மாதம் முன்னதாகவே விற்பனைக்கு வந்துவிடும். பாஸ் இருக்கிறதே என்று நாங்கள் அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து ஊரான மோவாபில் இறங்கியபிறகுதான் விஷயம் தெரிந்தது. முந்தின நாள் சாயங்காலம் கொஞ்சம் சீட்டு விடுவார்கள் என்று போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம், கைக்கு எட்டவில்லை. அப்பா கேட்டார்: "ஏழு மணிக்கு மேலதான சீட்டு? ஆறு மணிக்குப் போனா?" அதற்குச் சீட்டே வேண்டாம். மாஞ்சோலைக்கு முதல் வண்டி எடுத்த மனுஷன், நாலு மணிக்கே எல்லோரையும் எழுப்பிவிட்டார். ஆறேகாலுக்கு இருட்டில் நுழைந்தோம். பூங்காவுக்குள் விண்டோஸ் என்ற பகுதியில் அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருக்க, பாறை வளைவுக்குள் வெளிச்சம் வந்து சிவந்ததைப் பார்த்தோம். ஒருமுறை உள்ளே போய்விட்டால் நாள் முழுக்க இருக்கலாம். பிற்பாடு நானும் பையனும் டெலிகேட் ஆர்ச் என்ற பாறை வளைவுக்கு ஏறினோம், போகவர மூன்று மைல், நிழலே கிடையாது. இந்த முன்பதிவு விதி வருஷத்துக்கு வருஷம் மாறும், கிளம்பும் முன் அந்தப் பூங்காவின் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மான்யுமென்ட் வேலியில் கணவர் வழக்கம்போல அட்டையை நீட்ட, கவுண்டரில் இருந்தவர் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். அது தேசியப் பூங்கா இல்லை, நவஹோ பழங்குடி மக்களின் சொந்த நிலம். தலைக்கு 8 டாலர். கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான், அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? 17 மைல் மண் சாலையில் எங்கள் வேன் ஆடிய ஆட்டத்தில் மட்டும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பேஜ் ஊரில் ஹார்ஸ்ஷூ பெண்ட் என்ற ஆற்று வளைவைப் பார்க்க நகராட்சியின் பார்க்கிங் 10 டாலர், அங்கேயும் அட்டை செல்லாது. ஆன்டிலோப் கேன்யன் என்ற குறுகலான பாறை இடுக்குக்கு நவஹோ வழிகாட்டி இல்லாமல் போகவே முடியாது. 1997 ஆகஸ்டில் எங்கோ தூரத்தில் பெய்த மழை அந்த இடுக்கில் வெள்ளமாகப் பாய்ந்து 11 பேர் இறந்த இடம் அது. அங்கே கேட்கும் காசுக்கு நான் பேரம் பேச மாட்டேன்.

அங்கே ஒரு கூத்து. அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஆனால் அதே அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ நிலத்தில் மாற்றுகிறார்கள். பேஜில் டூர் நடத்துகிறவர்கள் அரிசோனா நேரத்தில் நடத்துகிறார்கள். பத்து மணி டூருக்கு நாங்கள் அரக்கப் பரக்க ஓட்டிப் போய்ச் சேர்ந்தால், அங்கே மணி ஒன்பது. கல்யாண வீட்டுக்கே தாலி கட்டியபிறகு போகிற குடும்பம் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நின்றது அதுதான் முதல் தடவை. அந்தப் பகுதியில் போன் காட்டும் நேரத்தை நம்பாதீர்கள், ஒரு கைக்கடிகாரத்தை அரிசோனா நேரத்தில் வைத்துவிடுங்கள்.

அட்டையோடு சேர்த்து இரண்டு பொருளைச் சொல்ல வேண்டும். தேசியப் பூங்காத் துறையின் செயலி, இலவசம். வீட்டில் வைஃபை இருக்கும்போதே ஒவ்வொரு பூங்காவையும் ஆஃப்லைனில் சேமித்துக்கொள்ளலாம். கேபிடல் ரீஃப் பக்கம் சிக்னல் போனபிறகும் கழிப்பறை எங்கே, தண்ணீர் எங்கே என்று அது காட்டியது. இரண்டாவது, மோட்டார் கிளப்பான டிரிபிள் ஏ போடும் 'இந்தியன் கன்ட்ரி' காகித வரைபடம்; இங்கே இந்தியன் என்றால் அமெரிக்கப் பழங்குடியினர். பேர் பார்த்துவிட்டு "நம்ம ஊரு மேப்பா?" என்று அப்பா கேட்டார். தினமும் காலையில் பானெட்டில் விரித்து, எந்த ரோடு தார், எந்த ரோடு மண் என்று மாப்பிள்ளைக்குப் பாடம் எடுத்தார். யூட்டா 12ஆம் நம்பர் சாலையில் இரண்டு பக்கமும் பாதாளமாக இருக்கும் ஒரு மலைமுதுகு வருகிறது. நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, "ரோடு என்னமா போட்டிருக்கான்" என்பதோடு முடித்துக்கொண்டார்.

தண்ணீர் விஷயத்தில் விளையாடக் கூடாது. ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர் கணக்கு. ஐந்து கேலன் கேன் ஒன்றைக் குழாயோடு வாங்கி, பார்க்கும் இடத்திலெல்லாம் நிரப்பினோம். கேன்யன்லேண்ட்ஸின் ஐலண்ட் இன் தி ஸ்கை பகுதியில் விசிட்டர் சென்டரை விட்டால் வேறெங்கும் தண்ணீர் கிடையாது. பெட்ரோலும் அப்படித்தான், பாதி டேங்க் ஆனதும் போட்டுவிடுங்கள். ஹாங்ஸ்வில்லில் பாறையைக் குடைந்து அதற்குள் கடை வைத்திருக்கும் ஒரு பெட்ரோல் பங்க் இருக்கிறது, அங்கே நிற்காமல் போகாதீர்கள்.

பாலைவனம் என்றால் வேர்க்கும் என்று நினைத்துப் பருத்திப் புடவையாக எடுத்துவந்த அம்மா பிரைஸில் நடுங்கிவிட்டாள். அந்தச் செம்பாறைத் தூண்களின் விளிம்பு 8,000 அடிக்கு மேல், ஊட்டியைவிட உயரம். அக்டோபர் ராத்திரியில் தண்ணீர் உறைகிறது. பாறை இடுக்கில் இறங்கிய நீர் உறைந்து விரிந்து, உருகி, மறுபடி உறைந்துதான் தூண்களே உருவாகின்றன. அதைவிட அம்மாவைக் கவலைப்படுத்தியது ரைஸ் குக்கர். முதல் நாள் சாதம் நறுக்கு நறுக்கென்று இருந்தது. அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்று பையன் விளக்கினான். "அப்போ ஊறவைக்கணும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் அரிசியை ஒரு மணி நேரம் ஊறவைத்து அரை டம்ளர் தண்ணீர் கூட வைத்தாள். புளிக்காய்ச்சல் கையில் இருந்ததால் பிழைத்தோம்.

கேபிடல் ரீஃப் யாரும் பேசாத பூங்கா, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 1880களில் மோர்மன் என்ற மதப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் நட்ட பழத்தோட்டங்களை இன்னும் பராமரிக்கிறார்கள். பக்கத்தில் கிஃபோர்ட் வீட்டில் பழம் வைத்துச் சுட்ட சின்னச் சின்ன 'பை' (pie) பலகாரம் விற்கிறார்கள். சீக்கிரம் தீர்ந்துவிடும், காலையிலேயே போங்கள். கிராண்ட் கேன்யனைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

அந்த அட்டையை வைத்தே பிப்ரவரியில் டெத் வேலியும் ஜோஷுவா ட்ரீயும் போய்வந்தோம், அது ஒரு 60 டாலர். தோழி குடும்பம் யோசெமிட்டி போய்வந்தது. அட்டைக்கு ஐந்துக்கு நாலரை மார்க் கொடுக்கிறேன். நுழைவுக்கு மட்டும்தான், முன்பதிவு, குலுக்கல், கேம்ப் கட்டணம் எதுவும் இதில் சேராது என்று முகப்பிலேயே பெரிதாகப் போட்டிருந்தால் அந்த அரையையும் கொடுத்திருப்பேன்.

ஊரிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க: 2026 ஜனவரி முதல் தேதியிலிருந்து அமெரிக்காவில் வசிப்பவர்களுக்குத்தான் 80 டாலர். மற்றவர்களுக்கு இதே பாஸ் 250. பாஸ் இல்லாமல் வரும் வெளிநாட்டவர் கிராண்ட் கேன்யன், சயான், பிரைஸ் உட்பட 11 பூங்காக்களில் கட்டணத்துக்கு மேல் தலைக்கு 100 டாலர் தர வேண்டும். இங்கேயே இருப்பவர்கள், லாஸ் வேகாஸிலிருந்து சயானும் பிரைஸும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதாக இருந்தால் இதை வாங்காதீர்கள். இரண்டுக்கும் சேர்த்து 70தான்.