எத்தனால் ட்யூனிங் என்று கேனில் எரிபொருள் தந்தால் வாங்காதீர்கள்

திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். காரை எத்தனாலுக்கு ட்யூன் செய்து தருகிறேன் என்று எங்கள் ஊர் பைபாஸ் பக்கம் ஒருவர் பணம் வாங்கிக்கொண்டிருக்கிறார். என்னிடம் 78,000 ரூபாய் வாங்கினார். இரண்டரை மாதத்தில் என் வண்டியில் ஒரு பிஸ்டன் உடைந்துவிட்டது. மனு கொடுத்திருப்பதால் அவர் பெயரையும் கடைப் பெயரையும் இங்கே போடவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என்னுடையது 1.2 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ. வாங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது, வாரண்டி பாக்கி இருந்தது. வியாபார விஷயமாக வாரத்தில் இரண்டு மூன்று தடவை பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவில் போய் வருவேன். நாலுவழிச் சாலையில் லாரிகளைத் தாண்டும்போது இன்னும் கொஞ்சம் இழுவை இருந்தால் நல்லது என்று ரொம்ப நாளாக ஆசை.

அவர் சொன்ன விஷயமெல்லாம் சரி. அதனால்தான் நம்பினேன். எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், அதாவது நேரத்துக்கு முன்னால் தானாக வெடிக்காமல் தாங்கும். ஆவியாகும்போது உள்ளே போகும் காற்றைக் குளிர வைக்கும். அதனால் டர்போ அழுத்தத்தைக் கூட்டலாம், ஸ்பார்க் பற்றும் நேரத்தையும் முன்னால் தள்ளலாம். ஆனால் அளவு கூட வேண்டும். சுத்த பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு எரிபொருள் நிறைய ஊற்ற வேண்டும். ஆகவே எரிபொருளைத் தெளிக்கப் பெரிய இன்ஜெக்டர், பெரிய பம்ப், எரிபொருளில் எத்தனால் எவ்வளவு என்று அளந்து ஈசியுவுக்கு (இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) சொல்லும் சென்சார், இதற்கெல்லாம் பொருந்துகிற மாதிரி ஈசியுவில் ஏற்றும் ஃபைல். எல்லாம் சேர்த்துத்தான் 78,000.

"பங்க்ல 20 சதவீதம்தான் கிடைக்கும் அண்ணாச்சி. நான் 60 சதவீதம் கலந்து கேன்ல தந்துருதேன். ஒண்ணும் யோசிக்காதிய" என்றார். இருபது லிட்டர் கேன். பெட்ரோலைவிட லிட்டருக்கு 40 ரூபாய் கூட. அவசரத்துக்கு பங்கில் போட்டாலும் சென்சார் பார்த்துக்கொள்ளும் என்றும் சொன்னார்.

முதல் இரண்டு வாரம் வண்டி பறந்தது. மறைக்காமல் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தேன். அப்புறம் லிட்டருக்கு 15 கொடுத்த வண்டி 11-க்கு இறங்கியது. கேட்டால், எத்தனாலில் சக்தி குறைவு, மைலேஜ் குறையத்தான் செய்யும் என்றார். அதுவும் உண்மைதான், லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஆனால் இன்னொன்று என் கண்ணெதிரே இருந்தது. வெள்ளை வண்டி. சைலன்சருக்கு மேலே பின் பம்பரில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. வாரா வாரம் துணியால் துடைத்தேன், வாரா வாரம் வந்தது. எத்தனால் அப்படிக் கரி கக்காது, சுத்தமாக எரியும். இந்த ஒரு விஷயம் எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தால் இஞ்சின் தப்பியிருக்கும். உங்கள் வண்டியையும் எத்தனாலுக்கு மாற்றிய பிறகு சைலன்சர் குழாய் கறுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள்.

செக் இஞ்சின் விளக்கும் எரிந்தது. P0172 என்று காட்டியது, எரிபொருள் அதிகமாகப் போகிறது என்று அர்த்தம். அவர் ஸ்கேனரை மாட்டி அழித்துவிட்டு, "இனி வராது அண்ணாச்சி" என்று அனுப்பிவிட்டார். மறுபடி வந்தது, மறுபடி அழித்தார்.

மே மாதம் ஒரு மத்தியானம், பணகுடி தாண்டிப் போகும்போது ஐந்தாவது கியரில் மிதித்தேன். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல ஒரு சத்தம். காலை எடுப்பதற்குள் வண்டி உதற ஆரம்பித்துவிட்டது, பின்னால் நீலப் புகை. காற்றாலைகளுக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் நின்று, டோ வண்டி பிடித்து ஊர் திரும்பினேன்.

பேட்டையில் எனக்குத் தெரிந்த மூத்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்தார். ஒன்றிலும் மூன்றிலும் 160 psi-க்கு மேல், இரண்டாவது சிலிண்டரில் 55. பிரித்தால் பிஸ்டனில் ரிங் உட்காருகிற விளிம்பு உடைந்திருந்தது. இன்ஜெக்டரைக் கழற்றும் முன் என்னைக் கூப்பிட்டு அடிப்பக்கத்தைக் காட்டினார். இரண்டு வருஷத்துத் தூசி கலையாமல் அப்படியே ஒட்டியிருந்தது. நம்பரும் கம்பெனி நம்பர்தான். பம்பும் பழையது. சென்சார் வழியாக எரிபொருள் ஓட வேண்டும், அப்போதுதான் அதனால் அளக்க முடியும். என் வண்டியில் அதைப் பிளாஸ்டிக் டேக் போட்டு ஒரு ஓரமாகக் கட்டி வைத்திருந்தார்கள். குழாய் எதுவும் அதில் சேரவில்லை.

கேனில் மூன்று லிட்டர் மிச்சம் இருந்தது. "அதையும் பாத்துருவோம்" என்றார் அவர். டவுனில் லேப் சாமான் கடையில் 100 மில்லி அளவுக் குழாய் வாங்கிவந்தேன். 10 மில்லி தண்ணீர், அதன் மேல் கேனில் இருந்ததை 90 மில்லி. மூடிக் குலுக்கிவிட்டு பத்து நிமிஷம் வைத்தோம். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும், பெட்ரோல் மேலே நிற்கும், நடுவில் கோடு தெளிவாகத் தெரியும். 60 சதவீதம் என்றால் கோடு 64 பக்கம் நிற்க வேண்டும். 28-க்குச் சற்றுக் கீழே நின்றது. பக்கத்து பங்கில் ஒரு லிட்டர் வாங்கி அதே மாதிரி செய்தோம். அதே இடம்.

பங்க் பெட்ரோலைத்தான் லிட்டருக்கு 40 ரூபாய் கூட வைத்து எனக்கு விற்றிருக்கிறார்.

ஃபைலை மட்டும் நிஜமாகவே மாற்றியிருந்தார், 60 சதவீதத்துக்கு என்று எழுதிய ஃபைல். அதனால்தான் பெட்ரோல் தேவைக்கு மேல் ஊற்றியது, கரி வந்தது, மைலேஜ் போனது. ஸ்பார்க்கும் எத்தனாலுக்கு ஏற்ற மாதிரி முன்னால் இருந்தது, அவ்வளவு முன்னால் வைத்தால் பெட்ரோல் தாங்காது, தானாக வெடித்துத் தட்டும். அதைத்தான் நாக் என்பார்கள். சாதாரணமாக நாக் சென்சார் அந்தச் சத்தத்தைப் பிடித்து ஸ்பார்க்கைப் பின்னால் இழுத்து இஞ்சினைக் காப்பாற்றும். எத்தனாலில் நாக் வராது என்று அதன் உணர்வையும் ஃபைலில் குறைத்து வைத்திருந்தார். மே மாத வெயில், முழு டர்போ அழுத்தம், காப்பாற்ற ஒன்றும் இல்லை.

கம்பெனி சர்வீஸில் வாரண்டி இல்லை என்றார்கள். ஈசியுவில் எத்தனை தடவை ஃபைல் ஏற்றியது என்ற கணக்கு இருக்கிறது, அதைக் காட்டினார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல மாட்டேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவும் அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றக் கூடாது என்றுதான் சொல்கிறது. இன்ஷூரன்ஸிலும் இது பிரச்சினையாகும். இஞ்சின் வேலைக்கு 1,35,000 ஆனது.

இனி யாரிடமாவது இந்த வேலைக்குக் கொடுப்பதாக இருந்தால், பழைய இன்ஜெக்டரையும் பம்பையும் கையில் வாங்காமல் பணத்தை முடிக்காதீர்கள். ஃபைல் ஏற்றிய பிறகு ஓட்டி எடுத்த பதிவை (லாக்) கேளுங்கள். காற்றும் எரிபொருளும் என்ன விகிதத்தில் போகிறது, ஸ்பார்க் எவ்வளவு பின்வாங்குகிறது என்று அதில் இருக்கும். தெரிந்து வேலை செய்கிறவர் அதைக் காட்டத் தயங்கமாட்டார். கேன் மட்டும் வேண்டவே வேண்டாம். நிஜமான எத்தனாலாகவே இருந்தாலும் உரிமம் இல்லாமல் அப்படி வைத்து விற்க முடியாது. வேறு வகை ஆல்கஹாலான மெத்தனாலைக் கலந்து தந்தாலும் நமக்குத் தெரியாது. இரண்டும் தண்ணீரில் கரையும், அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்று, இந்தக் குழாய்ச் சோதனையில் பிரித்துப் பார்க்க முடியாது.

எனக்குக் கொடுத்த பில் வெறும் லெட்டர்பேட் தாள், ஜிஎஸ்டி எண் கிடையாது. 40,000 ஜிபேயில் போட்டேன், அந்தப் பதிவு இருக்கிறது. மீதி ரொக்கம். இருப்பதை வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டுவிட்டேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 1915-க்குக் கூப்பிட்டால் வழி சொல்கிறார்கள்.

அவரிடம் கேன் வாங்கியவர்கள் இன்னும் இருப்பார்கள். ஃபைலைப் பழையபடி மாற்றும்வரை வண்டியை மிதித்து ஓட்டாதீர்கள். கேனில் மிச்சம் இருந்தால் கொட்டிவிடாமல் மூடி, நிழலில் வீட்டுக்கு வெளியே பத்திரமாக வையுங்கள். அளவுக் குழாய் என்னிடம் இருக்கிறது, பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தால் சேர்ந்தே பார்க்கலாம்.