எந்த இஃப்-உடைய எல்ஸ்? கிட் டிஃப்பின் மூன்று வரிகளோடு ஒன்பது வருடம்

போன வாரம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள்: "அண்ணா, டிஃப்ல சுத்தி எத்தனை வரி காட்டற மாதிரி வெச்சிருக்கீங்க?" கோடில் எது மாறியது என்று காட்டுவதுதான் டிஃப்; மாறிய வரியைச் சுற்றி மாறாத வரிகளையும் கொஞ்சம் காட்டும். யோசிக்காமல் "பத்து" என்றேன். அன்று சாயங்காலமே அந்தப் பத்தை எடுத்துவிட்டேன். அவளுக்கு ஒரு விளக்கம் கடன்பட்டிருக்கிறேன். நேரில் சொன்னால் மானம் போகும் என்பதால் எழுதுகிறேன்.

சிவப்பு (நீக்கியது), பச்சை (சேர்த்தது) எல்லாம் தெரிந்தவர்களுக்கான பதிவு இது. மாறிய வரிக்கு மேலே மூன்று, கீழே மூன்று. கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் தானாகக் காட்டுவது அவ்வளவுதான். ஒன்பது வருடமாக இந்த மூன்றோடு குடித்தனம். அதில் ஏழு வருடம் அதை மாற்ற முடியும் என்றே எனக்கு உறைக்கவில்லை. வீட்டில் சுவிட்ச் எங்கே இருக்கிறதோ அங்கேதானே கை போகும், அந்த மாதிரி.

உறைத்தது ஓர் எல்ஸ்-ஆல். ரிவ்யூவுக்கு, அதாவது நான் சரிபார்க்க, வந்த பைத்தான் கோடு. வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் ஒரே ஒரு வரி புதிதாகச் சேர்ந்திருந்தது. அதற்கு இரண்டு வரி மேலே 'எல்ஸ்' தெரிந்தது, அதாவது 'இல்லையென்றால்'. அதன் இஃப், அதாவது அது எதிர்க்கும் நிபந்தனை, எங்கே? ஒன்பது வரி மேலே, திரைக்கு வெளியே. அது 'டெஸ்ட் ரன் என்றால்' என்ற இஃப்-தான் என்று நானாக முடிவு செய்துகொண்டு அப்ரூவ் போட்டேன். உண்மையில் அது 'மொபைல் எண் இல்லை என்றால்' என்ற இஃப். டெஸ்ட் ரன்னா என்று பார்க்கும் கோடு அந்த ஃபங்ஷனிலேயே (பெயர் வைத்த கோடுப் பகுதி) இல்லை. மறுநாள் சோதனை ஓட்டத்தில் நிஜ மனிதர்களுக்கு நிஜ எஸ்எம்எஸ் போனது. தப்பு என்னுடையது. ஆனால் தலை இல்லாத முண்டத்தைக் காட்டி ஆளை அடையாளம் சொல் என்றால் யார்தான் சரியாகச் சொல்வார்கள்?

அந்தக் கோபத்தில்தான் இந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று தோண்டினேன். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தில் உருவான முதல் டிஃப்பில் சுற்று வரி என்ற பேச்சே இல்லை. எத்தனையாவது வரி, சேர்ப்பா நீக்கமா மாற்றமா, அவ்வளவுதான். 1981-இல் பிஎஸ்டி யூனிக்ஸ் இயங்குதளத்தோடு சுற்று வரி காட்டும் வடிவம் வந்தது. 1985-இல் லாரி வால், டிஃப்பை வாங்கி அந்த மாற்றத்தை மூலக் கோப்பில் ஒட்டும் பேட்ச் என்ற நிரலை எழுதினார். மூலக் கோப்பில் வரி எண்கள் நகர்ந்திருந்தாலும், சுற்றியுள்ள வரிகளை அடையாளமாக வைத்து அது சரியான இடத்தைக் கண்டுபிடிக்கும். இன்று நாம் பார்க்கும் கூட்டல் கழித்தல் வடிவம் 1990-இல் வேய்ன் டேவிசன் செய்தது. பேட்ச் ஒழுங்காக வேலை செய்யக் குறைந்தது இரண்டு வரி வேண்டும் என்கிறது குனு டிஃப் கையேடு. என் கணக்கில் மூன்று என்பது பேட்ச்சின் பசிக்கு அளந்த சோறு. ரிவ்யூ பார்க்கிறவன் பசியை அங்கே யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மற்ற கருவிகள் வேறு வேறு மனசோடு இருக்கின்றன. விம் எடிட்டரின் விம்டிஃப் ஆறு வரி காட்டிவிட்டு மீதியை மடித்து வைக்கும். கெரிட் என்ற ரிவ்யூ தளத்தில் தொடக்கமே பத்து, வேண்டியவர் முழுக் கோப்பு வரை ஏற்றிக்கொள்ளலாம். விஎஸ் கோடு எடிட்டர் முழுக் கோப்பையும் விரித்துப் போடும், மாறாத பகுதியை மடிக்கச் சொன்னால்தான் மடிக்கும். இப்போதைய அலுவலகத்தின் ரிவ்யூ தளத்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அம்புக்குறியை அமுக்கி அமுக்கி மேலே ஏற வேண்டும். பக்கத்தை ரீலோட் செய்தால் ஏறியதெல்லாம் இறங்கிவிடும். பரமபதம்.

எஸ்எம்எஸ் கூத்துக்குப் பிறகு கிட்டின் அமைப்புக் கோப்பான கான்ஃபிக்கில் பத்து என்று எழுதினேன். முதல் ஒரு மாதம் கண் திறந்த மாதிரி இருந்தது. பிறகுதான் அதன் குணம் தெரிந்தது. பக்கத்துப் பக்கத்து மாற்றங்களின் சுற்று வரிகள் தொட்டுக்கொண்டால் கிட் அவற்றை ஒரே துண்டாக (ஹங்க்) ஒட்டிவிடும். மூன்று வைத்தால் இடைவெளி ஆறு வரிக்குள் இருந்தால் ஒட்டும். பத்து வைத்தால் இருபது வரி வரை ஒட்டும். தனித்தனியாகப் படிக்க வேண்டிய ஐந்து மாற்றங்கள் ஒரே நீளத் துணியாக வந்து விழும்.

இதற்கு நடுவில் ஒரு புதையலும் கிடைத்தது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். டிஃப் கட்டளையோடு பெரிய டபிள்யூ (-W) ஒன்றைச் சேர்த்தால் வரிக்கணக்கே இல்லாமல் மாற்றம் நடந்த ஃபங்ஷன் முழுவதையும் காட்டும். அன்றைக்கு இது தெரிந்திருந்தால் அந்த இஃப் கண்ணெதிரே நின்றிருக்கும். முதலில் போட்டுப் பார்த்தபோது பல ஃபங்ஷன்களை அடக்கிய முழு கிளாஸையும் கொட்டியதால் பயந்து மூடிவிட்டேன். இயல்பில் கிட், வரியின் தொடக்கத்திலேயே எழுத்து வந்தால்தான் அதை ஃபங்ஷன் தலைப்பு என்று நினைக்கும். கிளாஸுக்குள் தள்ளி எழுதிய டெஃப் (பைத்தானில் ஃபங்ஷனைத் தொடங்கும் சொல்) அதன் கண்ணில் படாது. எந்தக் கோப்பை எப்படி நடத்துவது என்று கிட்டுக்குச் சொல்லும் கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் பைத்தான் கோப்புகளுக்கு 'டிஃப்=பைத்தான்' என்று ஒரே ஒரு வரி போட்டேன். அப்புறம் டெஃப் டெஃப்பாகப் பிரித்து, மணி மணியாகக் காட்டியது. இந்த ஒரு வரி எனக்கு ஏழு வருடம் தெரியாமல் இருந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. நானூறு வரி ஃபங்ஷன் என்றால் நானூறும் வரும்தான். அதற்குக் கிட் என்ன செய்யும், எழுதியவனைத்தான் கேட்க வேண்டும்.

சரி, போன வாரத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு துண்டின் தலையிலும் @@ போட்ட ஒரு வரி இருக்கும், அதன் வால்பக்கம் ஃபங்ஷன் பெயர் வரும். அது மாற்றம் நடந்த ஃபங்ஷன் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இல்லை. துண்டு தொடங்கும் இடத்துக்கு மேலே கடைசியாக வந்த ஃபங்ஷனின் பெயர் அது. மூன்று வரி வைத்திருந்தாலும், ஃபங்ஷனின் முதல் சில வரிகளில் மாற்றம் வந்தால் அடுத்த வீட்டு முகவரிதான் வரும். பத்து வைத்தால் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் துண்டே பக்கத்து வீட்டில்தான் தொடங்குகிறது.

அந்தப் பெண்ணின் மாற்றம் ஒரு ஃபங்ஷனின் ஆறாவது வரியில் இருந்தது. தலையில் முழு ரீஃபண்ட் ஃபங்ஷனின் பெயர். முழு ரீஃபண்டில் இந்தக் கணக்கை ஏன் தொட்டாய், யோசித்தாயா, டெஸ்ட் எங்கே என்று நான்கு பத்தி எழுதி அனுப்பினேன். பதில் வந்தது: "அண்ணா, அது பகுதி ரீஃபண்ட். அந்த ஹங்க்லயே ஆறாவது வரியில டெஃப் இருக்கு." இருந்தது. சாதுவாக, நிறம் இல்லாமல், நான் காட்டச் சொன்ன பத்து வரிகளுக்கு நடுவில். மூன்று வைத்திருந்தால் தலைப்பும் சரியாக வந்திருக்கும்.

பத்தின் மேல் எனக்குக் கோபம் இதனால்தான். மூன்று வரி பார்க்கும்போது போதவில்லை என்று கை தானாகக் கோப்பைத் திறக்கும், எஸ்எம்எஸ் அடி வாங்கியதிலிருந்து. பத்து வரி வந்தால் படித்துவிட்டதாக ஒரு நிம்மதி வந்துவிடுகிறது, படிக்காமலே.

ஆக, மூன்று குறைவு, அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. இருந்தும் என் கணினியில் இப்போது மூன்றுதான், கூடவே பெரிய டபிள்யூ-வுக்கு ஓர் அலையஸ் (சுருக்குப் பெயர்). பேட்ச், அதாவது டிஃப்பையே கோப்பாக, அனுப்பும் வேலை இருக்கிறவர்களும் மூன்றைத் தொட வேண்டாம். சுற்று வரி கூடக் கூட, எதிர்முனையில் அதில் ஒன்று மாறியிருந்து பேட்ச் ஒட்டாமல் போக வாய்ப்பு அதிகம். மதிப்பெண் கேட்டால் அந்த டபிள்யூ-வுக்கு ஐந்துக்கு ஐந்து, @@ வரிக்கு ஒன்று. அந்த ஒன்றும் இன்றைக்கு மனசு கொஞ்சம் ஆறியிருப்பதால்.

இதையெல்லாம் சுருக்கி அவளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு "சரிண்ணா" என்றாள். நேற்று அவள் திரையை எட்டிப் பார்த்தேன். இருபத்தைந்து வைத்திருக்கிறாள்.