தாமரைக் குளத்து வராலுக்கு ரப்பர் தவளை: மூன்று பருவம் வீசிப் பார்த்த பின் ஒரு மதிப்பீடு

கன்னியாகுமரி மாவட்டத்துக் குளங்களில் போலி இரை கொண்டு வரால் பிடிக்க விரும்பும் ஒருவர், தம் பெட்டியில் ஒரே ஓர் இரையைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது உள்ளே காற்று மட்டும் உள்ள ரப்பர் தவளையாகவே இருக்க வேண்டும் என்பது என் முடிவு. மற்ற மாவட்டத்தார் விரால் என்று சொல்லும் அதே மீனைத்தான் இங்கே வரால் என்கிறோம். இந்த முடிவுக்கு நான் எளிதில் வரவில்லை. கரண்டி வடிவில் செய்த உலோக இரை, இழுக்கும்போது சுழலும் தகடு, மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்த சிறுமீன் உருவங்கள் என்று பலவற்றுக்குப் பணம் செலவழித்து, அவற்றில் பாதியைத் தாமரைத் தண்டுகளிடம் இழந்த பிறகே தவளைக்கு வந்து சேர்ந்தேன்.

நாகர்கோவிலில் ஒரு கடையில், ஒன்று 180 ரூபாய் வீதம் மூன்று தவளைகளை கும்பப்பூ என்னும் இரண்டாம் போக நெல் அறுவடை முடிந்த நாள்களில் வாங்கினேன். கால்கள் நீங்கலாக உடல் மட்டும் ஐந்தரை சென்டிமீட்டர் நீளம், எடை சுமார் 12 கிராம். ஓராண்டு கழித்து, வேறொரு தயாரிப்பாளரின் 650 ரூபாய்த் தவளை ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே வாங்கினேன். இரண்டும் ஒரே தத்துவத்தில் வேலை செய்பவை. மெல்லிய ரப்பர் போன்ற உடல், பின்புறம் இழைகளாகத் தொங்கும் இரண்டு கால்கள், உடலை ஊடுருவி மூக்குப் பக்கம் வளையமாகவும் பின்பக்கம் இரட்டை முள்ளாகவும் முடியும் ஒரே கம்பி. முள்ளின் இரு நுனிகளும் மேல்நோக்கி வளைந்து தவளையின் முதுகோடு ஒட்டிக் கிடப்பதால், இலை மீது இழுத்தாலும், தண்டுகளுக்கு நடுவே நுழைத்தாலும், பாசித் திட்டின் மேல் ஏற்றினாலும் எதிலும் மாட்டுவதில்லை. வரால் கவ்வி வாயை இறுக்கும்போது காற்று நிறைந்த உடல் நசுங்கிவிடுகிறது. அதுவரை ஒளிந்திருந்த நுனிகள் அப்போதுதான் வெளிப்படுகின்றன. இவ்வளவு எளிய அமைப்பு இவ்வளவு நம்பகமாக வேலை செய்வதைக் காணும்போதெல்லாம் எனக்கு மதிப்பு கூடுகிறது.

நம் குளங்களின் நிலையை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். கரையிலிருந்து பத்து மீட்டர் வரை தாமரையோ ஆம்பலோ ஆகாயத்தாமரையோ மூடாத குளம் இங்கே அரிது. வரால் இருப்பது அந்த மூடிய பகுதியின் கீழேதான், அதன் விளிம்பில்தான், இலைகளுக்கு நடுவே தட்டு அகலத்துக்குத் திறந்திருக்கும் நீர்க்கண்களில்தான். பின்லாந்தில் லவுரி ராபாலா 1936-இல் தக்கையைச் செதுக்கி உருவாக்கிய சிறுமீன் இரையின் வழிவந்த மிதவை இரை ஒன்று என்னிடம் உண்டு. அடிபட்ட மீன் தள்ளாடி நீந்துவதை அது அப்படியே காட்டும். திறந்த நீரில் அதன் நடையைப் பார்ப்பதே இன்பம். ஆனால் வயிற்றிலும் வாலிலும் மும்முள் தொங்கும் அந்த அழகை எங்கள் ஊர்க் குளத்தில் வீசிய இரண்டாம் முறையே தாமரைத் தண்டு பிடித்துக்கொண்டது. இடுப்பளவு சேற்றில் இறங்கித்தான் மீட்டேன். அது அந்த இரையின் குறை அன்று. ஏரியும் ஆறும் திறந்து கிடக்கும் குளிர்நாட்டுக்காகப் பிறந்த பொருளை நான் வேறு நீரில் போட்டேன்.

வீசும் முறையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். தவளையை வாங்கி, வீசி, சலித்து, மூலையில் போட்டவர்கள் பலரை நான் அறிவேன். அவர்களில் பெரும்பாலோர் தவறவிட்டது இதைத்தான்.

வரால் செவுளை மட்டும் நம்பி வாழும் மீன் அன்று. அவ்வப்போது மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். ஆகவே கரைக்கு வந்தவுடன் வீசத் தொடங்காமல், கால்மணி நேரம் அசையாமல் நின்று நீரைப் பார்க்க வேண்டும். இலைகளுக்கு நடுவே 'பொளக்' என்ற ஒலியும் அதைத் தொடர்ந்து ஒரு வளையமும் தோன்றினால் அங்கே வரால் இருக்கிறது. அந்த வளையத்தின் மேலேயே தவளையைப் போட்டால் மீன் மிரண்டு ஓடிவிடும். வளையத்தைத் தாண்டி மூன்று நான்கு மீட்டர் தள்ளி விழச் செய்து, இலைகளின் மேல் மெல்ல இழுத்துக் கொண்டுவந்து, நீர்க்கண்ணின் விளிம்பில் உள்ள இலை மேல் ஒரு நொடி உட்காரவைத்து, பிறகு அது தானாகவே நீரில் குதிப்பதுபோல் ஒரு சிறு சுண்டு சுண்ட வேண்டும். குதித்த பிறகு மீண்டும் நிறுத்த வேண்டும். தாக்குதல் பெரும்பாலும் அந்த நிறுத்தத்தில்தான் வருகிறது. தொடர்ந்து சுருட்டிக்கொண்டே வருகிறவருக்கு அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை.

அடுத்தது, நான் கற்றுக்கொள்ள ஒரு பருவம் முழுவதையும் எடுத்துக்கொண்ட பாடம். நீர் வெடித்ததுபோல் வரால் மேலே வந்து கவ்வும் அந்தக் கணத்தில் கை தானாகவே கோலை இழுத்துவிடும். இழுத்தால் தவளை மட்டும் பறந்து வரும். முதல் பருவத்தில் எனக்குக் கிடைத்த தாக்குதல்களில் பாதிக்கு மேல் இப்படியே வீணாயின. ஒரு மாலையில் குளத்தங்கரையில் குளித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நான் இரண்டாம் முறை தவறவிட்டதைப் பார்த்துவிட்டு, "கவ்வுன ஒடனே இழுக்காத மக்களே, அது திரும்பிப் போவட்டும்" என்றார். இளமையில் உயிர்த் தவளையை முள்ளில் குத்தி வரால் பிடித்தவர் அவர். "எவ்வளவு நேரம் பாட்டா?" என்று கேட்டேன். "நூலு நடக்கும் பாரு, அப்ப இழு" என்றார். அதையே இன்று வரை பின்பற்றுகிறேன். கவ்வியவுடன் கோல் நுனியை மீனை நோக்கித் தாழ்த்தி, தொய்வைச் சுருட்டி, நூல் பக்கவாட்டில் நகரத் தொடங்கியதும் இரு கைகளாலும் வலுவாக மேலே இழுக்கிறேன். வராலின் வாய் எலும்பும் பல்லுமாக இருப்பதால் மென்மையாக இழுத்தால் முள் இறங்காது. தவறிவிட்டாலும் தவளையை எடுத்துவிடக் கூடாது. அதே இடத்தில் பத்து நொடி அசையாமல் கிடக்கவிட்டு, பிறகு ஒரே ஒரு நடுக்கம் கொடுத்தால், அதே மீன் திரும்பி வந்து கவ்வியதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இந்த முறைக்கு ஏற்ற கருவி இல்லாவிட்டால் தவளையைக் குறை சொல்வதில் பொருளில்லை. சாதாரணத் தங்கூஸ் நரம்பு ரப்பர்போல் நீளும். பதினைந்து மீட்டர் தொலைவில், இலைக்கூட்டத்துக்கு அப்பால் இருக்கும் மீனின் வாயில் அதைக் கொண்டு முள்ளை இறக்க முடியாது. 40 பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நூல் பயன்படுத்துகிறேன். தண்டுகளை அறுத்துக்கொண்டு வரும் வலுவும் அதற்கு உண்டு. கோல் ஏழடி, சற்றுக் கடினமானது. மீன் இழுக்கும்போது நூல் ஓடாமல் தடுக்கும் ரீலின் டிராக்கை நன்றாக இறுக்கிவிடுகிறேன், ஏனெனில் மாட்டிய வராலை ஓடவிட்டு விளையாட நம் குளங்களில் இடமில்லை. தலையைத் திருப்பித் தாமரை வேருக்குள் புகுந்துவிட்டால் மீனும் போகும், தவளையும் போகும்.

இனி குறைகள். 180 ரூபாய்த் தவளையில் முதல் குறை, முள் கம்பி வெளியே வரும் துளை வழியாக உள்ளே நீர் புகுவது. இருபது முப்பது வீச்சுக்கு ஒருமுறை அதைத் தலைகீழாகப் பிடித்து அழுத்தி நீரை வெளியேற்ற வேண்டியிருக்கிறது. மறந்தால் பின்பக்கம் தாழ்ந்து, தவளை மிதப்பதற்கு மாறாக அமிழ்ந்து இழுபடும். துளையைச் சுற்றி ஒரு சொட்டுப் பசை வைத்தபோது நீர் புகுவது குறைந்தது. ஆனால் உடல் எளிதில் நசுங்கவும் மறுத்தது. நசுங்காத தவளையால் பயனில்லை என்பதால் பசையைச் சுரண்டி எடுத்துவிட்டேன். இரண்டாம் குறை இதைவிடப் பெரியது. மூன்றில் ஒன்றின் மூக்கு வளையம் முழுமையாக மூடப்படவில்லை. தாள் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. சாதாரண நரம்பு அதில் நழுவாது, மெல்லிய பின்னல் நூல் நழுவிவிடும். கரைக்கு இரண்டு மீட்டர் தொலைவு வரை வந்த, என் முழங்கை முதல் விரல் நுனி வரை நீளமிருந்த ஒரு வராலை அப்படித்தான் இழந்தேன். அந்த மீன் வாயில் முள்ளோடு போனதே என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது. வாங்கும்போது கடையிலேயே வளையத்தின் இணைப்பை நகத்தால் தடவிப் பார்த்து, இடைவெளி இருந்தால் மாற்றிக் கேளுங்கள். 650 ரூபாய்த் தவளையில் வளையம் பற்ற வைக்கப்பட்டிருந்தது, முள்ளும் கூடுதல் கூர்மை. ஆனால் அதன் உடல் சற்றுத் தடிப்பானது. ஒரு கிலோவுக்குக் குறைந்த வரால்கள் கவ்வும்போது அது போதிய அளவு நசுங்காததால் நுனி வெளிவரவில்லை. ஆகவே எங்கள் குளங்களில் வழக்கமாகக் கிடைக்கும் அளவுக்கு, முள்ளைச் சாணையில் தீட்டிக்கொண்ட மலிவுத் தவளையே நன்றாக வேலை செய்கிறது என்பது என் அனுபவம்.

நான் செய்துகொள்ளும் இரண்டு மாற்றங்களையும் சொல்லிவிடுகிறேன். தொங்கும் கால் இழைகள் நீளமாக இருந்தால் மீன் அவற்றை மட்டும் கவ்விவிட்டுப் போகிறது. எனவே மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுகிறேன். ஒரு காலை மற்றதைவிடச் சற்றுக் குட்டையாக வெட்டினால் இழுக்கும்போது தவளை பக்கத்துக்குப் பக்கம் திரும்பி நடக்கிறது. இரண்டாவது, முள் நுனிகளைக் குறட்டால் ஒரு மயிரிழை அளவு வெளிப்புறம் விரிப்பது. கூடுதலாக விரித்தால் புல்லைப் பிடிக்கும். நிறத்தைப் பொறுத்தவரை, கீழிருந்து பார்க்கும் மீனுக்குத் தெரிவது வானத்தை மறைக்கும் ஒரு நிழலுருதான் என்பதால், முதுகின் புள்ளிகளுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. அதிகாலையிலும் அந்தியிலும் கறுப்புத் தவளையையே போடுகிறேன்.

கோதையாற்றின் திறந்த நீரோட்டத்திலோ, சானல் என்று நாங்கள் சொல்லும் பாசனக் கால்வாயின் கரையிலோ தவளை பெரிய உதவியாக இருப்பதில்லை. அங்கே சுழல் தகடு நல்லது. பிரான்சில் 1938-இல் தொடங்கிய மெப்ஸ் நிறுவனத்தின் சிறு தகடு ஒன்று என்னிடம் உண்டு; எதிரோட்டத்தில் வீசி, தகடு சுழலும் அதிர்வு கைக்குத் தெரியும் அளவு மெதுவாகச் சுருட்டினால் போதும். ஜிலேபி மீன் எப்போதாவது பின்தொடர்ந்து வந்து கொத்தும், சிறு வரால்கள் இன்னும் ஆர்வமாக வரும். உலோகக் கரண்டி ஆழமான நீருக்கு உரியது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி போன்ற நீர்த்தேக்கங்களில் முறையான அனுமதி இருந்தால்தான் வீச வேண்டும் என்பதால் அதற்கு எனக்கு வாய்ப்புக் குறைவு. ஊர்க் குளங்களிலும் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, குத்தகைக்கு விடப்பட்டிருப்பது வழக்கம். குத்தகைக்காரரிடம் கேட்டுவிட்டு நிற்பதே மரியாதை. பறவைகளுக்காகக் காக்கப்படும் சுசீந்திரம், தேரூர் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றவை. நாரையும் கொக்கும் இரை தேடும் அந்த நீரில் நான் தூண்டில் வீசுவதில்லை.

இந்த இரையை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் ஏலாக்களில், அதாவது வயல்வெளிகளில், முன்பு வரால் பிடிக்க நடவு வயலின் தவளைகளையே பிடித்து உயிரோடு குத்தினார்கள். பூச்சிகளைத் தின்று பயிரைக் காக்கும் தவளைகள் குறைந்துவருவதைக் கண்டுதான் தவளைக்கால் ஏற்றுமதியையே இந்தியா 1987-இல் தடை செய்தது. ஒரு ரப்பர் துண்டு அந்த உயிர்களுக்கு மாற்றாக இருப்பது எனக்கு நிறைவளிக்கிறது.

ஒன்றை மட்டும் இந்தத் தவளையைக் கையில் எடுக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். மழைக்காலத்தில் நீரின் மேற்பரப்பில் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள் ஒரு கூட்டமாகக் கொப்பளித்துக்கொண்டு நகர்வதைக் காணலாம். அடியில் தாயும் தந்தையும் காவல் இருக்கும். அந்த நேரத்தில் கூட்டத்தின் மேல் தவளையை இழுத்தால் வரால் பசியால் அல்லாமல் குஞ்சைக் காக்கவே பாய்ந்து கவ்வும். பிடிப்பது மிக எளிது. பிடித்துவிட்டால் அந்தக் குஞ்சுகள் கெண்டைக்கும் கெளுத்திக்கும் நீர்க்காகத்துக்கும் இரையாகும். கூட்டத்தைக் கண்டால் நூலைச் சுருட்டிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய்விடுகிறேன்.

மூன்று பருவத்துக்குப் பிறகு என்னிடம் மலிவுத் தவளைகளில் இரண்டு மிஞ்சியிருக்கின்றன. ஒன்றின் முதுகில் பல் பட்ட கீறல்கள் பல இருந்தும் காற்று நிற்கிறது. மற்றதை மென்பிளாஸ்டிக் புழு இரைகளோடு ஒரே பெட்டியில் வெயிலில் விட்டுவிட்டதால் இரண்டும் உருகி ஒட்டி, வயிற்றுப் பக்கம் பிசுபிசுக்கிறது. தவளைகளைத் தனிப் பெட்டியில், முள் துளை கீழ்நோக்கி இருக்கும்படி உலர்த்தி வைக்க வேண்டும். கன்னிப்பூ என்னும் முதல் போக நெல்லுக்கு அணை திறந்து, சானல் வழியாகக் குளங்களுக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள், அதே 180 ரூபாய்த் தவளைகள் இரண்டை, வளையத்தை நகத்தால் தடவிப் பார்த்து வாங்கிவர வேண்டும்.