சஸ்பென்ஷனுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா? நெல்லைச் சாலைகளில் கண்டது

காருக்கு விலையுயர்ந்த ஷாக் அப்சார்பர், தாழ்வான ஸ்பிரிங், வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் தடித்த ஆன்டி-ரோல் பார், பெரிய அலாய் சக்கரம் என்று தனித்தனியாகச் செலவழிப்பது தகுமா என்று கேட்பவர்களிடம், வண்டி பெரும்பாலும் எந்தச் சாலையில் ஓடுகிறது என்றுதான் முதலில் கேட்பேன். எங்கள் பெட்ரோல் ஹேட்ச்பேக் பாளையங்கோட்டையில் நிற்கிறது. வாரநாள்களில் நகருக்குள்ளும், விடுமுறையில் அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கமும், மாதத்தில் ஓரிரு முறை நான்குவழிச் சாலையில் நாகர்கோவிலுக்கும் ஓடுகிறது. மூன்று சாலைகளுக்கும் மூன்று விதமான சஸ்பென்ஷன் (சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே அதிர்வைத் தாங்கும் அமைப்பு) வேண்டும் என்பதில்தான் சிக்கலே இருக்கிறது.

நான் பணம் கொடுத்து மாற்றியவை இரண்டே: நைட்ரஜன் வாயு நிரப்பிய ஷாக் அப்சார்பர்களும் நல்ல டயர்களும். வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். பிஸ்டனில் உள்ள சிறு துளைகளின் வழியே எண்ணெய் நெருக்கிப் பாய்வதால்தான் ஆட்டம் அடங்குகிறது. மேடு பள்ளத்தில் இடைவிடாது ஓடினால் எண்ணெய் சூடேறி நுரைக்கும், நுரைத்தால் ஆட்டத்தை அடக்கும் பிடி தளரும். வாயு அழுத்தம் அந்த நுரையைக் கட்டுப்படுத்துகிறது. சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரம் போகும்போது வேறுபாடு தெளிவாகத் தெரிந்தது. பழைய ஷாக்கில் வேகத்தடையைத் தாண்டியதும் முன்பக்கம் ஒரு முறை அமுங்கி எழுந்து, மறுபடியும் தலையாட்டும். புதியதில் ஒரே அமுங்கலோடு நின்றுவிடுகிறது. ஆச்சி வீட்டுக்குச் சாம்பார் கொண்டுபோகும் தூக்குவாளியைப் பின்னிருக்கையின் காலடியில் வைப்பது வழக்கம். ஷாக் மாற்றிய பிறகு அதன் மூடியோரத்தில் கசிவு இல்லை.

ஆனால் ஷாக் மாற்றுவதற்கு முன் மெக்கானிக் சொன்னதை இங்கே பதிவு செய்ய வேண்டும். "அண்ணாச்சி, முதல்ல லோயர் ஆர்ம் புஷ்ஷப் பாருங்க, அது போயிருந்தா எந்த ஷாக் போட்டாலும் சத்தம் நிக்காது" என்றார். லோயர் ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கை, அதன் மூட்டில் இருக்கும் ரப்பர் உறைதான் புஷ். எங்கள் வண்டியில் புஷ்கள் அப்போது நன்றாகவே இருந்தன. இருந்தாலும், புஷ் தேய்ந்த வண்டிக்கு விலையுயர்ந்த ஷாக் போட்டு ஏமாந்தவர்கள் ஊரில் நிறைய உண்டு.

சக்கரத்தின் அளவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் நாட்டில் பெரிய சக்கரம் பெரும்பாலும் ஒரே காரின் விலை உயர்ந்த வகையோடு ஒட்டியே வருகிறது. டயரில் எழுதியிருக்கும் முதல் எண் அகலம் (மி.மீ.), இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம், அதாவது உலோகச் சக்கரத்தின் விட்டம் (அங்குலம்). 165/80 ஆர்14, 185/65 ஆர்15, 195/55 ஆர்16 ஆகிய மூன்று டயர்களின் மொத்த விட்டமும் ஏறத்தாழ 620 மி.மீ.தான். ஆனால் பக்கச்சுவரின் உயரம் முறையே 132, 120, 107 மி.மீ. என்று குறைந்துகொண்டே போகிறது. குண்டும் குழியுமான சாலையில் முதல் அடியை வாங்குவது அந்தப் பக்கச்சுவர். அது குறையும்போது அடி ரிம்முக்கும் நமது முதுகுக்கும் வருகிறது. வளைவில் திருப்பும்போது 16 அங்குலம் கூர்மையாக இருக்கும் என்பது உண்மையே. அந்தக் கூர்மையை அனுபவிக்க இந்த ஊரில் எத்தனை வளைவு இருக்கிறது என்பது வேறு கேள்வி. நான் 15-இல் நின்றுகொண்டேன்.

தாழ்வான ஸ்பிரிங்கும் தடித்த பின் ஆன்டி-ரோல் பாரும் போட்ட மைத்துனரின் காரைப் பலமுறை ஓட்டியிருக்கிறேன். நான்குவழிச் சாலையில் தடம் மாறும்போது உடல் சாயாமல், கைக்கு அடக்கமாக இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. அதே வண்டியில் பாபநாசத்திலிருந்து காரையாறு நோக்கி ஏறினால் நிலைமை தலைகீழ். அந்த பார் இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைப்பதால், ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது மற்றொன்றையும் இழுக்கிறது. பின்னால் இருப்பவர்களின் தலை இடவலமாக ஆடுகிறது. அம்மா ஒருமுறை வந்துவிட்டு, மறுமுறை எங்கள் வண்டியிலேயே வருவதாகச் சொல்லிவிட்டார். இந்தியச் சாலைப் பேராயத்தின் நெறிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும், வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் கொண்டிருக்க வேண்டும். கிராமத்துச் சாலைகளில் அந்த அகலத்தைப் பார்ப்பது அரிது. செங்குத்தாக நிற்கும் அந்த மேடுகளில், ஐந்து பேரோடு போகும் தாழ்த்திய வண்டி அடிவயிற்றை உரசாமல் தப்புவதில்லை.

பணகுடியைத் தாண்டிக் காவல்கிணறு, ஆரல்வாய்மொழிப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வண்டியைத் தள்ளும் தள்ளலுக்கு ஆன்டி-ரோல் பார் மருந்தாகும் என்று சிலர் நம்புகிறார்கள். பார் தடுப்பது உடலின் சாய்வை மட்டுமே. பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்குவது டயர். டயரில் சரியான காற்றழுத்தமும் வீல் அலைன்மென்ட்டும் (சக்கரங்களின் கோணத்தைச் சீராக்குவது) அங்கே எனக்குத் தந்த நிம்மதியை, பல மடங்கு விலையுள்ள அந்த பார் மைத்துனருக்குத் தரவில்லை.

சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. ஆகவே நிறுவனமே தரும் கூடுதல் சஸ்பென்ஷன் விலை அதிகமானாலும், உத்தரவாதமும் அதோடு வருவதால் வெளிக்கடை வேலையைவிட மேல். மின்னணு முறையில் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் ஷாக் அப்சார்பர் கிடைத்தால், மூன்று வகைச் சாலையிலும் ஓடும் என்னைப் போன்றோருக்கு அதுவே பொருத்தம். ஆனால் உத்தரவாதக் காலம் முடிந்தபின் ஒன்று பழுதானால் ஆகும் செலவை, வாங்கும் முன்பே விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.