பழைய இளவரசனும் புதிய வீரனும்

ஜோர்டன் மெக்னர் 1989-இல் ஆப்பிள் டூ கணினிக்காக உருவாக்கிய 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'வையும், அவ்வரிசையில் யுபிசாஃப்ட் 2024 ஜனவரியில் வெளியிட்ட 'தி லாஸ்ட் கிரவுன்' விளையாட்டையும் அண்மையில் அடுத்தடுத்து ஆடினேன்.

பழையதில் இளவரசியை மீட்க அறுபதே நிமிடங்கள். இறந்தால் அந்தக் கட்டத்தை மீண்டும் தொடங்கலாம்; ஆனால் கழிந்த நேரம் திரும்பாது. தம்பி ஓடுவதையும் தாவுவதையும் படம்பிடித்து, அதைப் பார்த்து மெக்னர் வரைந்த அசைவுகளில் உடலின் எடை இன்றும் தெரிகிறது: ஓடுபவன் நினைத்த இடத்தில் நிற்க முடியாமல் சற்றுச் சறுக்குகிறான், விளிம்பைப் பற்றித் தொங்குகிறான். கண்ணாடியை ஊடுருவித் தாவும்போது பிரிந்து ஓடும் நிழலுருவை இறுதியில் எதிர்கொள்ளும் இடமே எனக்கு மிகவும் பிடித்தது. அவனை வெட்டும்போதெல்லாம் என் உயிரே குறைந்ததால், வாளை உறையிலிடுவதே வழி என்பது பல தோல்விகளுக்குப் பிறகுதான் (சற்று வெட்கத்துடன்) விளங்கியது.

புதியதில், கடத்தப்பட்ட இளவரசனைத் தேடி சர்கோன் என்னும் வீரன் காஃப் மலைக்குச் செல்கிறான். வாட்போர் விறுவிறுப்பானது, கதையோ நடுப்பகுதியில் தொய்கிறது. ஆயினும், இப்போது கடக்க முடியாத இடத்தைப் படமெடுத்து வரைபடத்திலேயே பதித்துவைக்கும் வசதி, பரந்த உலகில் வழிதேடி அலையும் இவ்வகை விளையாட்டுகள் அனைத்திலும் இருந்திருக்க வேண்டியது. அந்தப் படங்கள் இல்லையென்றால் பாதியிலேயே கைவிட்டிருப்பேன். வேகத்தை விரும்புவோர் புதியதை வாங்கலாம். நான் மறுபடி ஆடுவது பழையதைத்தான்.