பஞ்சாரமா, கூண்டா, துண்டா: பனிக்காலத்தில் மிரண்ட பூனைக்குட்டியைப் பிடிக்க

கதவில் கயிறு கட்டிய கம்பிக் கூண்டு. எங்கள் கட்சி அதுதான். இதில் ஒளித்துவைக்க ஒன்றுமில்லை. துண்டுக்கும், கோழி கவிழ்க்கும் கூடையான பஞ்சாரத்துக்கும் உரிய இடம் உண்டு, அவற்றையும் சொல்கிறோம். எலிப்பொறி, மீன்வலை, சாக்கு மூன்றையும் போட்டியிலேயே சேர்க்கவில்லை. எலிப்பொறியின் ஸ்பிரிங் கதவு வாலில் அடித்தால் வால் போய்விடும். வலையோ, குட்டி உதற உதறக் காலிலும் கழுத்திலும் இறுகும். சாக்கை விரித்துக்கொண்டு பின்னால் ஓடினால், ஓட ஓட வாய்க்கால் மதகுக்குள்ளோ கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுப் பக்கமோ தள்ளுகிறோம் என்று பொருள்.

காவிரி டெல்டாவில் குளிர் என்பது பெரும்பாலும் ஈரம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்கு வெகுவாகக் கீழே இறங்குவது அபூர்வம். வளர்ந்த பூனை அதைச் சட்டை செய்யாது. ஆனால் 4 வாரம் ஆகாத குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. அதைவிடப் பெரிய குட்டியும் ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல்வரை நனைந்துவிட்டால், அல்லது வைகறைப் பனியில் ஈரத்தோடு கிடந்தால், மளமளவென்று சூட்டை இழந்துவிடும். அதனால்தான் இந்த மாதங்களில் குட்டிகள் சூடு இருக்கும் இடமாகத் தேடிப் போய் ஒண்டுகின்றன: வைக்கோல் போரின் இடுக்கு, மாட்டுக்கொட்டகைப் பரண், அரிசி ஆலையின் உமிக்குவியல், இரவு வந்து நின்ற வண்டியின் எஞ்சின். (காலையில் காரை எடுக்குமுன் பானட்டை இரண்டு தட்டு தட்டுவது நல்ல பழக்கம்.) இந்த இடங்களில் எதற்குள்ளும் கையை விட்டு இழுக்க முடியாது. குட்டி தானாக வெளியே வர வேண்டும். எந்த முறையை எடுத்தாலும் இது மாறாது.

பிடிக்கத்தான் வேண்டுமா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். குட்டி சூடாக, சுத்தமாக, வயிறு நிரம்பி, சத்தமில்லாமல் கிடந்தால் தாய் இரை தேடப் போயிருக்கிறது. தொடாமல் தள்ளி நின்று சில மணி நேரம் கவனிக்கலாம். நனைந்துபோய் விடாமல் கத்தினால், அல்லது கத்துவதையும் விட்டுச் சுருண்டு கிடந்தால், காத்திருக்க நேரமில்லை.

துண்டு அந்த இரண்டாவது வகைக் குட்டிக்குத்தான். பிறக்கும்போது சுமார் 100 கிராம் இருக்கும் குட்டி வாரத்துக்கு 100 கிராம் அளவில் ஏறும். அரைக் கிலோ என்றால் மாதக் குட்டி. அதுவரை, அல்லது பெரியதாக இருந்தாலும் ஓடத் தெம்பில்லாமல் இருந்தால், துண்டு போதும். தோளில் போடும் மெல்லிய பருத்தித் துண்டு வேண்டாம், ஊசிப்பல் அதைத் தாண்டி விரலில் இறங்கும். தடித்த டர்க்கித் துண்டை இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். நேருக்கு நேர் பார்க்காமல், பக்கவாட்டில், குந்தியபடி நகர வேண்டும். தலைமுதல் வால்வரை முழு உடம்பும் மூடும்படி போட்டு, துண்டோடு சேர்த்து இரண்டு கையாலும் அள்ளி, சுற்றி, துண்டோடேயே அட்டைப்பெட்டிக்குள் வைத்து மூடியை ஒட்டிவிட வேண்டும். வெல்டிங் கையுறை போட்டுக்கொள்ளலாமா என்று பலர் கேட்பதுண்டு. போட்டால் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது கைக்குத் தெரியாது. குட்டியின் விலா எலும்பு தாங்காது.

துண்டின் குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: ஒரே ஒரு வாய்ப்பு. 6 வாரம் தாண்டிய, தெம்புள்ள குட்டியிடம் அது தவறினால், அன்றிரவு அது சாப்பிடக்கூட வெளியே வராது. மழை நாளில் பட்டினியோடு ஓர் இரவு போனால் அடுத்த நாள் வேறு கதை.

பஞ்சாரம் நம் ஊர் ஆயுதம். கோழி கவிழ்க்கும் மூங்கில் பஞ்சாரத்தின் ஓர் ஓரத்தை ஒரு முழக் குச்சியால் தூக்கி நிறுத்தி, குச்சியின் அடியில் கயிறு கட்டி, நடுவில் தீனி வைத்து, குட்டி நடுவே வந்ததும் இழுப்பது. இதில் இரண்டு உண்மையான லாபங்கள் உண்டு. எந்தப் பக்கத்திலிருந்தும் உள்ளே வரலாம், சுற்றிலும் வெளிச்சம் தெரியும். குகை போன்ற எதற்குள்ளும் தலையை நீட்டாத குட்டிகூட இதற்குள் வந்துவிடும். தாயும் மூன்று குட்டிகளும் ஒன்றாகச் சாப்பிட்டால் நால்வரையும் ஒரே இழுப்பில் மூடலாம். கூண்டில் அது நடக்காது.

இனி அதன் சங்கடங்கள். பஞ்சாரம் கோழிக்குப் பின்னியது. குட்டியின் தலை நுழையும் இடைவெளியில் உடம்பும் நுழைந்துவிடும். அதனால் வெளிப்புறம் முழுக்கப் பச்சை நிழல்வலையைச் சுற்றித் தைக்க வேண்டும். விளிம்பு முதுகில் விழுந்தால் அடிபடும்; பழந்துணியைச் சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும். கம்பியில் செய்த பஞ்சாரம் கனமானது, அதைக் குட்டிக்குப் பயன்படுத்தாதீர்கள். மூங்கில் பஞ்சாரமோ கனமில்லாதது. உள்ளே தாய்ப்பூனை ஒரு முட்டு முட்டினால் நகரும். மூடிய நொடியில் ஒருவர் ஓடிப்போய் அதை அழுத்திப் பிடித்து மேலே போர்வை போட்டாக வேண்டும். மேடுபள்ளமான தரையில் விளிம்புக்கடியில் நான்கு விரல் சந்து இருந்தாலும் போச்சு. சிமெண்டுக் களத்தில் இந்தச் சிக்கல் குறைவு. மழை ஊறிய மண்ணில் இதைத் தைரியமாகச் சிபாரிசு செய்ய மாட்டோம்.

இதையெல்லாம் சமாளித்துப் பிடித்தும் விட்டீர்கள் என்று வையுங்கள். பஞ்சாரத்துக்கு அடிப்பக்கம் கிடையாது. குட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வேறொன்றுக்குள் மாற்ற வேண்டும்.

எங்கள் தீர்ப்பு முழுக்க இந்த மாற்றலில்தான் நிற்கிறது. குட்டி தப்புவது பெரும்பாலும் பிடிக்கும்போது இல்லை, பிடித்த பிறகு, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் அந்த ஐந்து நிமிடத்தில். கடி விழுவதும் அப்போதுதான். பஞ்சாரத்தின் மேல்வாய் வழியே கையை விட்டு எடுக்கப் பார்ப்பவர்கள் கையைக் கொடுத்துவிட்டுத்தான் எடுப்பார்கள். முறையாகச் செய்வதென்றால் இருவர் வேண்டும்: ஒருவர் பஞ்சாரத்தை அழுத்திப் பிடிக்க, மற்றவர் மெல்லிய பிளைவுட் பலகையை விளிம்புக்கடியில் அங்குலம் அங்குலமாகத் தள்ள வேண்டும், குட்டியின் கால் நசுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு பலகையோடு தூக்கி மூடிய அறைக்குள் கொண்டுபோய், அங்கே போர்வையை எடுத்து வெளிச்சமாக்கி, இருட்டாக மூடிவைத்த பெட்டியின் வாயைப் பக்கத்தில் வைத்தால், குட்டி இருட்டைத் தேடிப் பெட்டிக்குள் போகும். செய்ய முடியாததில்லை. தூறல் விழும் இரவில், டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, தனியாளாகச் செய்யக்கூடியதும் இல்லை.

கூண்டில் மாற்றல் என்ற கட்டமே கிடையாது. பிடித்த கூண்டுதான் வண்டியில் போகும் கூண்டு, அன்றிரவு குட்டி தூங்கும் கூண்டு, மறுநாள் கால்நடை மருத்துவமனைக்குப் போகும் கூண்டு. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிவரை போவதானாலும் வழியில் எங்கும் கதவைத் திறக்க வேண்டாம்.

அளவு: நீளம் இரண்டரை அடி, அகலம் 10 அங்குலம், உயரம் 12 அங்குலம். வெல்டிங் பட்டறையில் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையில் செய்யச் சொல்லுங்கள். ஒரு அங்குலக் கண்ணில் சின்னக் குட்டியின் பாதமும் தாடையும் மாட்டும். கம்பி முனைகள் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, விரலால் தடவிப் பார்த்து வாங்குங்கள். மேலிருந்து கீழே இறங்கும் தூக்குக் கதவு நல்லது. கதவின் கீழ்விளிம்பில் சைக்கிள் டியூபைப் பிளந்து ஒட்டிவிட்டால் சத்தமும் அடங்கும், அடியும் படாது.

கடையில் கிடைக்கும் கூண்டுகளில் உள்ளே ஒரு மிதிபலகை இருக்கும். மிதித்தால் கதவு விழும். குட்டிக்கு அதை நம்பாதீர்கள். அரைக் கிலோ எடையில் பலகை பல சமயம் அமுங்கவே அமுங்காது, குட்டி தின்றுவிட்டுத் திரும்பிப் போய்விடும். அமுங்கினாலும் இன்னொரு ஆபத்து: முன்னே போன குட்டி மிதிக்க, பின்னே நுழையும் குட்டியின் முதுகில் கதவு விழும். ஆகவே மிதிபலகையைக் கட்டுக்கம்பியால் கட்டிவிட்டு, கதவை நாம் விடுவதுதான் சரி. கதவைத் தூக்கி, அதற்கடியில் தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டிலை முட்டுக் கொடுத்து, பாட்டிலின் கழுத்தில் கயிறு கட்டி, 20 அடி தள்ளி உட்கார்ந்தால் முடிந்தது. காலி பாட்டில் காற்றுக்கே சாய்ந்துவிடும். கயிறு நைலானாக இருக்கட்டும். நூல்கயிறு பனியில் ஊறிக் கனத்துத் தரையில் ஒட்டிக்கொள்ளும். செடி, கல் எதிலும் உரசாமல் நேர்கோட்டில் போக வேண்டும். குட்டி வருமுன் ஐந்து முறையாவது இழுத்துப் பாருங்கள். ஐந்திலும் கதவு தரைவரை இறங்க வேண்டும்; நான்கு என்றால் சரிசெய்துவிட்டு மறுபடி ஐந்து.

கம்பித் தரையில் குட்டி கால் வைக்கத் தயங்கும், குளிரில் இன்னும். காய்ந்த சாக்கை நான்கு மூலையிலும் கட்டி விரியுங்கள். செய்தித்தாள் படபடக்கும், வாழை இலை வழுக்கும். கூண்டு ஆடாமலிருக்க அடியில் செங்கல் அண்டைகொடுங்கள். காலடியில் ஒரு முறை ஆடினால் அந்தக் குட்டி அன்றைக்குத் திரும்பி வராது.

தீனி விஷயத்தில் சிக்கனம்தான் தந்திரம். உப்பு, மசாலா இல்லாமல் அவித்த மத்தி மீன், முள் நீக்கியது, ஒரு மேசைக்கரண்டி போதும். அதை அவித்த தண்ணீரைச் சாக்கின்மேல் கூண்டின் வாயிலிருந்து கோடி வரைக்கும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நெத்திலிக் கருவாட்டின் வாசனைக்கு ஈடில்லை, ஆனால் உப்பு. துணியில் முடிந்து கடைக்கோடிக்கு வெளியே தொங்கவிடலாம், தின்னக் கொடுக்க வேண்டாம். கிண்ணம் வைக்காதீர்கள், கதவு விழுந்ததும் குட்டி குதிக்கும் குதியில் அது பறந்து முகத்தில் அடிக்கும். முடிந்தால் இரண்டு மூன்று நாள், கதவை அசையாமல் கட்டிவைத்து, பொழுது சாயும் அதே நேரத்தில் கூண்டுக்குள்ளேயே தீனி வையுங்கள். குட்டி நனைந்து தளர்ந்திருந்தால் இந்த ஒத்திகைக்கெல்லாம் நேரமில்லை, அன்றைக்கே இழுத்துவிட வேண்டியதுதான்.

இழுக்கும் நேரம்: நான்கு காலும் வாலும் உள்ளே, தலை கோடிப்பக்கம், வாய் தீனியில். முதல் நக்கலுக்கே அவசரப்படாதீர்கள், தின்னத் தொடங்கட்டும். இழுத்தால் தயக்கமில்லாமல் ஒரே இழுப்பு.

கதவு விழுந்த கணத்தில் குட்டி பேயாய் மோதும். அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டுத் திறந்துவிடுவதுதான் செய்யக்கூடாத காரியம். தடித்த போர்வையை மேலே போட்டு இருட்டாக்குங்கள், ஒரு பக்கம் காற்றுக்கு விடுங்கள். சில நிமிடத்தில் அடங்கிவிடும். கதவைக் கட்டுக்கம்பியால் இரண்டு இடத்தில் கட்டிவிட்டு, சாயாமல் தூக்குங்கள். இனி கதவு திறப்பது ஜன்னலும் கதவும் சாத்திய சின்ன அறைக்குள்தான்; வீடுகளில் அதற்கு ஏற்றது குளியலறை.

சூடேற்ற வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, கூண்டின் ஒரு பாதியை மட்டும் ஒட்டி, வெளியிலிருந்து அணைத்து வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர மறுபாதி வேண்டும். கோழிக்குஞ்சுக்குப் போடுவதுபோல குண்டு பல்பைப் போர்வைக்குள் விட்டால் தீப்பிடிக்கும். நனைந்த குட்டியைக் குளிப்பாட்டுவதும் சாம்பிராணிப் புகை காட்டுவதும் வேண்டாம். தொட்டால் சில்லென்று இருக்கும் குட்டிக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; உடம்பு குளிர்ந்திருக்கும்போது குடல் வேலை செய்யாது, பால் நுரையீரலுக்குப் போகவும் கூடும். முதலில் சூடு, பிறகுதான் தீனி. சூடான பிறகும் பசும்பால் தந்தால் கழியும்.

கடித்தாலோ கீறினாலோ, எந்த முறையில் பிடித்திருந்தாலும் சரி, காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனையில் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். குட்டிதானே என்று விடக்கூடாது. கடித்த குட்டியை 10 நாள் கண்காணிப்பில் வைத்திருக்க வேண்டும். அதற்கும் அது கூண்டில் இருப்பதே சௌகரியம்.

கூண்டைப் பினாயிலால் கழுவாதீர்கள், அந்த வகை மருந்துகள் பூனைக்கு விஷம். சோப்பும் தண்ணீரும், பிறகு ஒரு நாள் வெயில். ஆனால் கூடப்பிறந்த குட்டி இன்னும் வைக்கோல் போருக்குள் இருக்கிறதென்றால், முதல் குட்டி ஓர் இரவு படுத்த சாக்கை மட்டும் துவைக்காமல் அப்படியே எடுத்து, மறுநாள் சாயங்காலம் அதே இடத்தில், அதே கூண்டில் விரியுங்கள்.